குழந்தைக்கு மருந்து ஏற்றும் கணக்கு: வார்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பெரியவர்கள் வார்டில் ஒரு ஆம்பூல் (மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி) உடைத்தால் அநேகமாக முழுசும் நோயாளிக்குப் போய்விடும். அங்கே ஒருவர் பத்து மடங்கு மருந்து ஏற்றப் பார்த்தால் பத்து ஆம்பூல் உடைக்க வேண்டிவரும். மூன்றாவதை உடைக்கும்போதே கை நின்றுவிடும், "இது என்னடா இவ்வளவு?" என்று. குழந்தைகள் வார்டில் அந்தத் தடை கிடையாது. பிள்ளைக்குப் போக வேண்டியது ஆம்பூலில் ஒரு சிறு பங்கு, மீதி குப்பைக்கு. பத்து மடங்கு தப்பும் அந்த ஒரே ஆம்பூலுக்குள் அடங்கிவிடும். நம் கையை நிறுத்த நாம் எழுதிப் போடும் கணக்கைத் தவிர வேறு எதுவும் இல்லை.

நாகர்கோவில் பக்கம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருஷம் நர்ஸாக இருந்து வருகிறேன். புதிதாக வரும் சிஸ்டர்களும் ஹவுஸ் சர்ஜன்களும் பயப்படுவது பெருக்கல் வகுத்தலுக்கு. நான் பார்த்தவரை தப்பு அங்கே நடப்பது குறைவு. எடை, அலகு, ஆம்பூல் ஆகிய மூன்று இடங்களில்தான் அது உள்ளே நுழைகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு சரியாகப் பெருக்கினாலும் தப்பான விடைதான் வரும். எந்த மருந்து, எவ்வளவு என்று சொல்வது டாக்டரும் உங்கள் பிரிவின் நடைமுறையும். சொன்னதை மில்லியாக (மில்லிலிட்டராக) மாற்றிப் பிள்ளையின் நரம்பு வரை கொண்டுபோவது நம் வேலை. அந்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எடை

எடையைக் கேட்டு எழுதாதீர்கள், போட்டுப் பார்த்து எழுதுங்கள். குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். எடை கேட்டதும், "அங்கன்வாடியில பத்து கிலோன்னு சொன்னாவ சிஸ்டர்" என்றார். எப்போது என்று கேட்டேன். "அது ஆச்சு ரெண்டு மாசம். அதுக்கப்புறம் வயித்தால போயி ஒண்ணும் சாப்பிடல்ல." தராசில் வைத்தபோது 8 கிலோ. அந்த அம்மா பொய் சொல்லவில்லை. ஆனால் பத்து என்று நான் எழுதியிருந்தால் அந்தப் பிள்ளைக்குப் போகும் ஒவ்வொரு மருந்தும் கால் பங்கு கூடியிருக்கும்.

வலிப்பு, ஷாக் (ரத்த ஓட்டம் விழுந்துபோவது) என்று தராசில் வைக்க நேரமில்லாமல் வரும் பிள்ளைக்கு உத்தேச எடை போடலாம். 3 முதல் 12 மாதம் வரை, மாதத்தோடு 9 கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். 1 முதல் 6 வயது வரை, வயதை இரண்டால் பெருக்கி 8 கூட்ட வேண்டும். அப்படியானால் 7 மாதக் குழந்தை 8 கிலோ, 3 வயதுப் பிள்ளை 14 கிலோ. இது நன்றாக வளர்ந்த பிள்ளையின் கணக்கு. மெலிந்த பிள்ளை இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதனால் கேஸ் ஷீட்டில் 'உத்தேசம்' என்று எழுதி, பிள்ளை கொஞ்சம் தேறியதும் உண்மையான எடையைப் போட்டு எல்லாக் கணக்கையும் மறுபடி போடுங்கள்.

அலகு

ஒரு மில்லிகிராம் என்பது 1000 மைக்ரோகிராம். ஷாக்குக்குக் கொடுக்கும் மருந்துகளின் டோஸ் மைக்ரோகிராமில் வரும், ஆம்பூலில் மில்லிகிராமில் அச்சடித்திருக்கும். எனவே கணக்கைத் தொடங்கும் முன்பே எல்லாவற்றையும் ஒரே அலகுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

சதவீதம் போட்ட மருந்துகளுக்கு ஒரே சூத்திரம் போதும்: 1 சதவீதம் என்றால் 100 மில்லியில் 1 கிராம், அதாவது ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். அட்ரினலினில் 'ஆயிரத்தில் ஒன்று' என்றால் ஒரு மில்லியில் 1 மில்லிகிராம். 'பத்தாயிரத்தில் ஒன்று' என்றால் 0.1 மில்லிகிராம். இரண்டுக்கும் நடுவே பத்து மடங்கு.

புள்ளி வைத்து எழுதும்போது '.5' என்று எழுதவே கூடாது, '0.5' என்று எழுதுங்கள். '5.0' என்றும் எழுதாதீர்கள், '5' போதும். இரவு மூன்று மணிக்கு மங்கிய வெளிச்சத்தில் அந்தப் புள்ளி கண்ணுக்குத் தெரியாது.

நரம்பில் ஏற்றும் பாராசிட்டமால் எல்லாருக்கும் பழகிய மருந்து என்பதால் அதை யாரும் பயந்து பார்ப்பதில்லை. அது ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். சின்னக் குழந்தைக்கு 60 மில்லிகிராம் என்று ஆர்டர் இருந்தால் போக வேண்டியது 6 மில்லி. மில்லிகிராமை மில்லி என்று படித்துவிட்டால் 60 மில்லி போகும், பாட்டிலில் 100 மில்லி இருக்கிறது, யாரும் தடுக்க மாட்டார்கள். அந்த அளவு கல்லீரலைக் கெடுத்துவிடும். உலகம் முழுக்கக் குழந்தைகளுக்கு நடந்திருக்கிற தப்பு இது.

ஆம்பூலைப் படிப்பது

என் வாழ்க்கையில் மறக்காத ஒரு இரவைச் சொல்ல வேண்டும். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், தேங்காய் மட்டைக் குவியலில் விளையாடியபோது தேள் கொட்டிய பிள்ளை ஒன்று, நுரையீரலில் நீர் கோத்த நிலையில் வந்தது. எடை 10 கிலோ. இதயத்துக்கு வலுக் கொடுக்கும் டோபுட்டமின் ஆர்டர். எங்களிடம் வழக்கமாக இருந்தது 20 மில்லி வையல் (ரப்பர் மூடி போட்ட குப்பி), அதில் 250 மில்லிகிராம். அதாவது ஒரு மில்லியில் 12.5. 30 மில்லிகிராம் வேண்டும் என்றால் 2.4 மில்லி. நூறு தடவை எடுத்த அளவு, மனப்பாடம். சிரிஞ்சில் எடுத்தும்விட்டேன்.

பக்கத்தில் வேலைக்கு வந்து மூன்று மாதமே ஆன தங்கச்சி ஒருத்தி தனியாகத் தாளில் போட்டுக்கொண்டிருந்தாள். "அக்கா, எனக்கு 0.6 வருது" என்றாள். "2.4 தான் வரும், திரும்பப் போடு" என்றேன். போட்டாள். "0.6 தான் அக்கா." அப்போதுதான் உடைந்து கிடந்த கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தேன். அன்று மருந்தகத்திலிருந்து வந்திருந்தது 5 மில்லி ஆம்பூல். அதிலும் அதே 250 மில்லிகிராம், ஒரு மில்லியில் 50. என் கையிலிருந்த சிரிஞ்சில் 120 மில்லிகிராம் இருந்தது, நான்கு மடங்கு. ஐந்து மில்லி ஆம்பூலைத் தொட்ட நொடியே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, ஏனென்றால் நான் மருந்தைப் பார்க்கவில்லை, என் பழக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து ஆம்பூலை உடைக்கும் முன் வாய்விட்டுப் படிக்கிறேன்: மருந்தின் பெயர், மொத்தம் எத்தனை மில்லிகிராம், மொத்தம் எத்தனை மில்லி, ஒரு மில்லியில் எவ்வளவு. நீங்களும் படியுங்கள். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்க வேண்டும்.

ஆம்பூல் விஷயத்தில் இன்னும் இரண்டு. நார்அட்ரினலின் லேபிளில் அளவு உப்பாகச் சொல்லியிருக்கிறதா, மூலமருந்தாகச் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். பைடார்ட்ரேட் உப்பு 2 மில்லிகிராம் என்றால் நார்அட்ரினலின் 1 மில்லிகிராம்தான். எதை வைத்துக் கணக்கிடுவது என்று உங்கள் பிரிவில் ஒரே முடிவாக இருக்க வேண்டும். அடுத்தது இன்சுலின். நம் ஊரில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் வையலும் உண்டு, 100 யூனிட் வையலும் உண்டு. 50 மில்லி சலைனில் 50 யூனிட் கலக்க, முதலாவதில் 1.25 மில்லி எடுக்க வேண்டும், இரண்டாவதில் 0.5 மில்லி. சிரிஞ்சும் இரண்டு வகை, சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 வையலை 40 சிரிஞ்சில் எடுத்தால் சர்க்கரை தரைமட்டத்துக்குப் போகும்.

கணக்கும் கலப்பதும்

நீளமான வழியை முதலில் படியுங்கள். குறுக்கு வழி பிறகு தானாகப் புரியும்.

ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மில்லி = டோஸ் × எடை × 60 ÷ ஒரு மில்லியில் உள்ள மைக்ரோகிராம்

டோஸ் என்பது ஒரு கிலோவுக்கு ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மைக்ரோகிராம் என்பது. 60-ஆல் பெருக்குவது நிமிஷத்தை மணியாக்க. உதாரணத்துக்கு அந்த 8 கிலோ பிள்ளைக்கே அட்ரினலின் 0.1 என்று ஆர்டர். உங்கள் பிரிவில் 1 மில்லிகிராமை 50 மில்லியாக்கும் வழக்கம் என்றால், 1000 ÷ 50, ஒரு மில்லியில் 20 மைக்ரோகிராம். 0.1 × 8 × 60 = 48. 48 ÷ 20 = 2.4. சிரிஞ்சை மெல்லத் தள்ளும் பம்ப்பில் மணிக்கு 2.4 மில்லி.

குறுக்கு வழி இது: எடையை 0.3-ஆல் பெருக்கி, அத்தனை மில்லிகிராம் அட்ரினலினை 50 மில்லியாக்கினால், மணிக்கு 1 மில்லி ஓடும்போது டோஸ் 0.1. நம் பிள்ளைக்கு 0.3 × 8 = 2.4 மில்லிகிராம். சரிபார்ப்போம். 2400 ÷ 50 = 48 மைக்ரோகிராம் ஒரு மில்லியில். மணிக்கு 48 என்றால் நிமிஷத்துக்கு 0.8. எட்டு கிலோவுக்குப் பிரித்தால் 0.1. டோபமின், டோபுட்டமினுக்கு 0.3-க்குப் பதில் 3, அப்போது மணிக்கு 1 மில்லி என்றால் டோஸ் 1.

இந்தக் குறுக்கு வழியில் பம்ப்பைப் பார்த்ததும் டோஸ் தெரியும், அது பெரிய வசதி. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு அடர்த்தியில் சிரிஞ்ச் தயாராகும். பக்கத்துப் படுக்கை சிரிஞ்ச் மாறினால் தெரியாது. அதனால்தான் பல இடங்களில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அடர்த்தி என்று வைத்துவிட்டு, பம்ப் வேகத்தை மட்டும் மாற்றுகிறார்கள். எனக்கும் அதுவே பாதுகாப்பாகப் படுகிறது. உங்கள் பிரிவில் எது வழக்கமோ அதை மட்டும் செய்யுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

கலக்கும்போது புதியவர்கள் தடுமாறும் இடம்: '50 மில்லியாக்குவது' வேறு, '50 மில்லியில் சேர்ப்பது' வேறு. 2.4 மில்லி அட்ரினலின் எடுத்தால் டெக்ஸ்ட்ரோஸோ சலைனோ 47.6 மில்லி. இரண்டும் சேர்ந்து 50.

சின்ன அளவைப் பெரிய சிரிஞ்சில் அளக்காதீர்கள். 0.6 மில்லி என்றால் 1 மில்லி சிரிஞ்ச். அதையும் அதே சிரிஞ்சில் சலைன் இழுத்து நீர்க்கக் கூடாது. ஊசி மாட்டும் கழுத்தில் ஒரு துளி மருந்து தங்கியிருக்கும். சலைன் இழுக்கும்போது அந்தத் துளியும் உள்ளே வந்துவிடும், அளந்ததைவிடக் கூடிவிடும். சின்ன சிரிஞ்சில் அளந்ததைப் பெரிய சிரிஞ்சுக்குள் தள்ளுங்கள், பிறகு அங்கே நீர்க்கவும்.

அளக்கவே முடியாத அளவு வந்தால் முதலில் மருந்தை நீர்த்துவிட்டு, அதிலிருந்து அளந்து எடுக்க வேண்டும். 2.5 கிலோ குழந்தைக்கு மிடசோலம் 0.25 மில்லிகிராம். கையிலிருப்பது ஒரு மில்லியில் 5 மில்லிகிராம் என்றால் 0.05 மில்லி எடுக்க வேண்டும். யாராலும் முடியாது. 1 மில்லி மருந்தோடு 4 மில்லி சலைன் சேர்த்தால் ஒரு மில்லியில் 1 மில்லிகிராம். அதில் 0.25 மில்லி.

பொடியாக வரும் ஆன்டிபயாடிக்குக்கும் இதே முறை, ஆனால் நேரமும் சேரும். 6 கிலோ குழந்தைக்கு வான்கோமைசின் 90 மில்லிகிராம் என்றால், 500 மில்லிகிராம் வையலில் 10 மில்லி தண்ணீர் ஊற்றி, 1.8 மில்லி எடுத்து, 18 மில்லியாக்கி, ஒரு மணி நேரத்தில் ஏற்றுங்கள். அவசரமாக ஏற்றினால் உடம்பு சிவந்து பிரஷர் இறங்கும். ஃபெனிட்டாயின் சலைனில் மட்டும், டெக்ஸ்ட்ரோஸில் படிந்துவிடும். செஃப்ட்ரியாக்ஸோன் ஓடும் குழாயில் கால்சியமோ, கால்சியம் உள்ள ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) டிரிப்போ சேரக் கூடாது.

பொட்டாசியத்துக்குத் தனி மரியாதை வேண்டும். 15 சதவீத ஆம்பூலில் ஒரு மில்லிக்கு 2 மில்லிஈக்விவலன்ட் (பொட்டாசியத்தை அளக்கும் அலகு). நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும், அதை ஒருநாளும் செய்யாதீர்கள். 500 மில்லி பாட்டிலில் 10 மில்லிஈக்விவலன்ட் சேர்க்க வேண்டும் என்றால் 5 மில்லி. சேர்த்ததும் பாட்டிலைப் பலமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் ஊசி போட்டுவிட்டு அப்படியே விட்டால் கனமான பொட்டாசியம் அடியில் தங்கி, முதல் சில மில்லியிலேயே மொத்தமும் இறங்கும்.

பிள்ளை தாங்கும் தண்ணீர்

மருந்துக் கணக்கு சரியாக இருந்தும் பிள்ளை மூச்சுத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். காரணம், மருந்தோடு போகும் தண்ணீரை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. 1957-லிருந்து நாம் பின்பற்றும் ஹாலிடே-சீகர் கணக்குப்படி, ஒரு நாளைக்கு முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மில்லி, அடுத்த 10 கிலோவுக்கு 50, அதற்கு மேல் 20. 14 கிலோ பிள்ளைக்கு 1200 மில்லி, மணிக்கு 50.

பிறந்த அன்றைய சிசுவுக்கு இதுவும் அதிகம், கிலோவுக்கு 60 மில்லி அளவில்தான் தொடங்குவோம். 3 கிலோ சிசுவுக்கு ஒரு நாள் மொத்தம் 180 மில்லி. டோபுட்டமினை 3-ஆல் பெருக்கும் வழியில் கலந்து டோஸ் 5 என்று ஓட்டினால் மணிக்கு 5 மில்லி, நாளைக்கு 120. மருந்தே மூன்றில் இரண்டு பங்கு தண்ணீரைத் தின்றுவிட்டது, குளுக்கோஸுக்கு எங்கே இடம்? ஆகவே 15-ஆல் பெருக்குங்கள். 45 மில்லிகிராம் 50 மில்லியில். மணிக்கு 1 மில்லி ஓட்டினாலே டோஸ் 5. நாளைக்கு 24 மில்லிதான். ஆன்டிபயாடிக், ஃப்ளஷ் (குழாயைக் கழுவித் தள்ளும் சலைன்) எல்லாவற்றையும் இப்படிக் கூட்டி, மொத்தத்திலிருந்து கழித்து, மீதியைத்தான் டிரிப்பாக ஓட்ட வேண்டும்.

எடைக்கு அடங்காத ஒரு மருந்தும் உண்டு. பேச்சிப்பாறை, அருமனை, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளைப் பாம்பு கடித்து வரும். விஷமுறிவு மருந்துக்குப் பிள்ளை டோஸ் என்று தனியாக இல்லை, பெரியவருக்கு எத்தனை வையலோ பிள்ளைக்கும் அத்தனைதான். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்துக் கொத்துவதில்லை. நாம் முறிப்பது உள்ளே போன விஷத்தை. எடைக்குத் தகுந்து மாறுவது அதைக் கலக்கும் சலைன் மட்டும், கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி.

பம்ப்பும் டிரிப் செட்டும்

சிரிஞ்சைப் பம்ப்பில் மாட்டும்போது எந்தக் கம்பெனி சிரிஞ்ச் என்று சரியாகத் தேர்வு செய்யுங்கள், விட்டம் மாறினால் வேகமும் மாறும். குழாயில் மருந்து நிரப்பிய பிறகே பிள்ளையோடு இணைக்க வேண்டும், இணைத்துவிட்டு நிரப்பும் பொத்தானைத் தொடாதீர்கள். அடைப்பு அலாரம் அடித்தால் முதலில் பிள்ளை பக்கத்துக் குழாயை அடைத்துவிட்டு சிரிஞ்சின் அழுத்தத்தை விடுவியுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் தேங்கிய மருந்து மொத்தமாக உள்ளே பாயும். அட்ரினலின் ஓடும் குழாயில் வேறு எந்த மருந்தும் ஃப்ளஷ் பண்ணக் கூடாது. அந்த சிரிஞ்ச் தீர்வதற்கு அரைமணி முன்பே அடுத்ததைத் தயாராக வையுங்கள். அட்ரினலின் உடம்பில் இரண்டு மூன்று நிமிஷம்தான் நிற்கும், சிரிஞ்ச் மாற்றும் இடைவெளியிலேயே பிரஷர் விழும்.

பம்ப் இல்லாத நேரமும் வரும். ஒக்கி புயல் அடித்த 2017 நவம்பர் 30-க்குப் பிறகு நம் மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. பம்ப் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? மைக்ரோ செட்டில் (சின்னச் சொட்டு விழும் டிரிப் செட்) 60 சொட்டு ஒரு மில்லி, ஆகவே மணிக்கு எத்தனை மில்லியோ நிமிஷத்துக்கு அத்தனை சொட்டு. மணிக்கு 33 மில்லி என்றால் நிமிஷத்துக்கு 33 சொட்டு, கடிகாரத்தைப் பார்த்து எண்ணலாம். 20 சொட்டு செட்டில் மூன்றால் வகுக்க வேண்டும்.

லேபிளும் இரண்டாவது ஆளும்

லேபிள் இல்லாத சிரிஞ்ச் வெறும் தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளுங்கள், அதை மாட்டாதீர்கள். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம் எத்தனை மில்லியில், பிள்ளையின் எடை, மணிக்கு 1 மில்லி என்றால் எவ்வளவு டோஸ், தேதி, நேரம், கலந்தவர், சரிபார்த்தவர். இதை ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். இங்கிருந்து ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போகும் பிள்ளையும் உண்டு, களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகும் பிள்ளையும் உண்டு. அங்கே இருக்கும் சிஸ்டருக்குத் தமிழ் படிக்கத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆம்புலன்ஸிலிருந்து எழுத்தே இல்லாத சிரிஞ்சோடு பிள்ளை இறங்கும்போது, நிறுத்தவும் முடியாமல் ஓட்டவும் முடியாமல் நிற்பது என்ன அவஸ்தை என்று நின்றவர்களுக்குத் தெரியும்.

சரிபார்க்கச் சொல்லும்போது, "2.4 எடுத்திருக்கேன், சரிதானே?" என்று கேட்காதீர்கள். யாரும் சரி என்றுதான் சொல்வார்கள். "எட்டு கிலோ, அட்ரினலின், 0.3 கணக்கு, 50 மில்லி. நீ போட்டுப் பாரு" என்று சொல்லி ஆம்பூலையும் கையில் கொடுங்கள். உங்கள் விடையைக் காட்டாதீர்கள். இரண்டு விடையும் ஒத்துப்போகாவிட்டால் யார் சீனியர் என்று பார்க்கக் கூடாது. மூன்றாவது ஆளைக் கூப்பிடுங்கள்.

டியூட்டி மாறும்போது தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். படுக்கையில் 3 கிலோ சிசு, லேபிளில் டோபுட்டமின் 45 மில்லிகிராம் 50 மில்லியில், பம்ப் மணிக்கு 1.6 மில்லி. 45,000 ÷ 50 = 900. 900 × 1.6 = 1440. அதை 60-ஆல் வகுத்தால் 24, எடையால் வகுத்தால் 8. கேஸ் ஷீட்டில் 8 என்று இருந்தால் கையெழுத்துப் போட்டு டியூட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். 6 என்று இருந்தால், முந்தின டியூட்டி சிஸ்டர் வீட்டுக்குக் கிளம்பும் முன் அவரை நிறுத்தி, டாக்டரைக் கூப்பிட்டு, மூன்று பேரும் பம்ப் முன்னால் நின்று பேசுங்கள். அதுவரை பம்ப்பில் கை வைக்காதீர்கள்.